பட்டுக்கோட்டைக் கவிஞர்

தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டையை அடுத்துச் செங்கப்படுத்தான்காடு என்னும் சிற்றூர் உள்ளது. தென்னையும் நெல்லும் செழித்த ஊர். அவ்வூரில் 1930ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் நாள், அருணாசலம் பிள்ளை, விசாலாட்சி அம்மாள் ஆகியோருக்கு மகனாகத் தோன்றியவர் கல்யாணசுந்தரம். பின்னாளில் தமிழுலகம் இவரையே 'மக்கள் கவிஞர்' எனப் போற்றியது.

தந்தையார் உழவர், ஆயினும் பாட்டுக் கட்டும் ஆற்றல் வாய்ந்தவர். முசுகுந்த நாட்டு வழிநடைக்கும்மி என்னும் நூலை இயற்றியவர் அவரே. மகனுக்கோ பள்ளிப் படிப்பில் நாட்டம் செல்லவில்லை. திண்ணைப் பள்ளியில் இரண்டு ஆண்டளவே கற்றார். அதன்பின் வயலும் வரப்புமே அவருக்குப் பள்ளியாயின. நாற்று நடும் பெண்களின் குலவையும், ஏற்றம் இறைப்போர் எண்ணிப் பாடும் பாட்டும், தெருக்கூத்தின் தாளமும் அவர் செவி வழியே புகுந்து நெஞ்சில் நின்றன. யாப்பிலக்கணம் பயிலாத இளைஞர் பிழையின்றிச் சந்தம் அமைத்தது எவ்வாறு என வியப்போர்க்கு விடை இங்கேதான் இருக்கிறது.

கவிஞர் தாம் செய்த தொழில்கள் பதினேழு எனக் கணக்கிட்டுச் சொல்வதுண்டு. ஏர் பிடித்தார், மாடு வாங்கி விற்றார், மாம்பழமும் தேங்காயும் முறுக்கும் விற்றார், இட்லிக் கடை வைத்தார், கீற்று விற்றார், மீனும் நண்டும் பிடித்தார், உப்பளத்தில் உழைத்தார், தண்ணீர் வண்டி ஓட்டினார். இவை எவையும் அவருக்கு நிலையான பிழைப்பைத் தரவில்லை. ஆனால் இத்தொழில்களில் அவர் கண்ட மக்களும், கேட்ட பேச்சும், பட்ட பசியும் பிற்காலத்தில் பாட்டுக்குப் பொருளாயின. இளமையிலேயே உழவர் இயக்கத்தில் ஈடுபட்டு, ஜீவானந்தம் போன்ற தலைவர்களோடு பழகினார். அவருடைய கவிதைகள் 'ஜனசக்தி' இதழில் வெளிவந்தன.

நாடகத்தின் மீது கொண்ட வேட்கையால் சக்தி நாடக சபாவில் சேர்ந்து நடித்தார். புதுச்சேரிக்குச் சென்று பாரதிதாசனை அடைந்து, சிலகாலம் அவருடன் தங்கித் தமிழ் பயின்றார். பாவேந்தரிடத்து அவர் கொண்ட பற்று அளவிறந்தது. எழுதத் தொடங்குமுன் தாளின் தலைப்பில் ஆசிரியரை வாழ்த்திய பின்னரே எழுதுவது அவர் வழக்கமாயிற்று.

பின்னர்ச் சென்னை சேர்ந்தார். திரைப்பாட்டு எழுதுவது ஏட்டில் கவிதை எழுதுவது போன்றதன்று. இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை வாசிப்பார். இயக்குநர் கதையின் கட்டத்தைச் சொல்வார். மெட்டின் குறிலுக்குக் குறிலும் நெடிலுக்கு நெடிலும் அமையக் கவிஞர் அங்கேயே சொற்களைத் தேடித் தரவேண்டும். படத் தயாரிப்பாளருக்குப் பிடிக்கவில்லையெனில் மீண்டும் எழுதவேண்டும். இவ்வளவும் முடிந்து பாட்டு ஒலிப்பதிவாகிய பின்னும் கூலி உடனே கைக்கு வந்துவிடும் என்பதற்கு உறுதியில்லை.

முதலில் அவர் பாட்டெழுதியது 'படித்த பெண்' என்னும் படத்திற்கு. ஆயினும் 'மகேஸ்வரி' 1955இல் முந்தி வெளிவந்தது. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'பாசவலை' படத்திற்குப் பாட்டெழுத இவர் சென்றபோது, இசையமைத்த விசுவநாதன், பெயர் அறியாத புதியவரை நம்பத் தயங்கினார் என்பர். இளைஞர் சினம் கொள்ளவில்லை, காத்திருந்தார். எழுதிய பாட்டைப் படித்த பின்னர் விசுவநாதன் தம் தயக்கத்திற்கு வருந்தி, அன்று முதல் உற்ற நண்பரானார்.

ஊதியம் பற்றிய செய்தி ஒன்றும் திரையுலகில் வழங்கி வருகிறது. பட முதலாளி ஒருவர் எழுதிய பாட்டுக்குரிய பணத்தைத் தராது இழுத்தடித்தார். கவிஞர் நேரில் சென்று கேட்டபோது, நிற்கும்படி அலட்சியமாகச் சொல்லிவிட்டு உள்ளே சென்றுவிட்டார். கவிஞர் ஒரு தாளை எடுத்தார். தாயும் தமிழும் வளர்த்த தம்மை நிற்கச் சொல்ல அவர் யார் எனச் சுடச்சுட நான்கு வரி எழுதி மேசைமேல் வைத்துவிட்டு வெளியேறினார். சிறிது நேரத்தில் பணம் அவரைத் தேடி வந்தது. இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் வாயிலில் காத்துக் கிடந்த எத்தனையோ பாடலாசிரியர்களுக்கு இத்துணிவு வாய்க்கவில்லை. அவர்களைக் குறை கூறுவதும் முறையன்று. வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்தின் பாடல்கள் இவர் பெயரை நாடெங்கும் பரப்பின. அடுத்த ஆண்டு வந்த 'கல்யாணப் பரிசு' படத்தின் பாடல்கள் இவர் எழுதியவை; ஏ. எம். ராஜா இசையமைத்தவை. எளிய சொல்லால் அரிய கருத்தைச் சொல்லும் திறம் கண்டு, கற்றாரும் கல்லாரும் ஒருங்கே பாடினர். காதற் பாட்டிலும் உழைப்பவரை மறவாத புலவர் அவர்.

1957இல் அவருக்குத் திருமணம் நிகழ்ந்தது. ஓர் ஆண் மகவும் பிறந்தது. வறுமை நீங்கி வாழ்வு மலர்ந்த அவ்வேளையில் அவர் நோயுற்றார். 1959ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 29. திரைக்கு அவர் எழுதிய காலம் ஏறத்தாழ ஐந்தாண்டே. அதற்குள் இருநூற்றுக்குச் சற்றுக் குறைவான பாடல்களைத் தந்திருந்தார். அவற்றுட் சில, 'இரும்புத்திரை', 'திருடாதே', 'அரசிளங்குமரி' ஆகிய படங்களின் வழியே, அவர் மறைந்த பின்னரே மக்கள் செவிக்கு எட்டின. கவிஞர் கேளாத பாராட்டு அது.

தமிழக அரசு 1981இல் அவருக்குப் பாவேந்தர் விருது வழங்கியது. 1993இல் அவர் படைப்புகளை நாட்டுடைமை ஆக்கியது. பட்டுக்கோட்டையில் அவருக்கு மணிமண்டபமும் எழுப்பப்பட்டது.

அவர் காலத்தில் பாடலாசிரியர் ஒரு பாட்டுக்கு ஒருமுறை பெறும் தொகையோடு கணக்கு முடிந்தது. அப்பாட்டு இசைத்தட்டாக விற்றாலும், வானொலியில் நாள்தோறும் ஒலித்தாலும் வருவாய் எழுதியவரைச் சேர்வதில்லை. 1957இல் இயற்றப்பெற்ற பதிப்புரிமைச் சட்டத்தின் கீழும் படத் தயாரிப்பாளரின் கையே ஓங்கியிருந்தது. 1977இல் உச்ச நீதிமன்றமும் அவ்வாறே தீர்ப்பளித்தது. பாட்டு எழுதியவரும் இசையமைத்தவரும், திரையரங்குக்கு வெளியே தம் பாட்டு ஈட்டும் வருவாயில் பங்கு பெறலாம் என்றும், அப்பங்கைப் படத் தயாரிப்பாளர் எழுதி வாங்கிக்கொள்ள இயலாது என்றும் இந்திய நாடாளுமன்றம் திருத்தம் செய்தது 2012ஆம் ஆண்டில். கவிஞர் மறைந்து அப்போது ஏறத்தாழ 53 ஆண்டுகள் ஆகியிருந்தன.