பிறந்த மண்ணில் அந்நியர்

1883 மார்ச் மாதம் லண்டன் ஹைகேட் கல்லறையில் காரல் மார்க்ஸ் அடக்கம் செய்யப்பட்டபோது, அவர் எந்த நாட்டின் குடிமகனாகவும் இருக்கவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் நீடித்த நிலை அது.

1818-இல் பிரஷியாவின் ஆட்சியிலிருந்த டிரியர் நகரில் பிறந்தவர் மார்க்ஸ். அவர் ஆசிரியராக இருந்த பத்திரிகை 1843-இல் தடை செய்யப்பட, பாரீஸ் சென்றார். பிரஷியாவின் வற்புறுத்தலால் 1845-இல் பிரான்ஸ் அவரை வெளியேற்றியது. பிரஸ்ஸல்ஸில் தங்க மன்னர் லியோபோல்டுக்கு விண்ணப்பித்தார். நடப்பு அரசியல் குறித்து எதையும் வெளியிடுவதில்லை என்று எழுதிக் கொடுத்த பிறகே அனுமதி கிடைத்தது. அங்கும் பிரஷியாவின் நெருக்குதல் தொடரவே, அதனிடமிருந்து தப்பிக்கும் வழியாக அவ்வாண்டு டிசம்பரில் தன் குடியுரிமையைத் தானே துறந்தார். அன்று அது பாதுகாப்பாகவே தோன்றியிருக்க வேண்டும்.

1848-இல் ஐரோப்பாவெங்கும் புரட்சி மூண்டது. பெல்ஜியம் அவரை வெளியேற்றியது. மனைவி ஜென்னியும் ஓர் இரவைச் சிறையில் கழிக்க நேர்ந்தது. கொலோன் நகருக்குத் திரும்பிய மார்க்ஸ், ஜூன் 1 முதல் புதிய ரைன் பத்திரிகையை நடத்தத் தொடங்கினார். நகரில் குடியிருக்கும் உரிமை கோரி விண்ணப்பித்தார். நகர மன்றம் இசைந்தது; மேலிருந்த அரச நிர்வாகம் மறுத்துவிட்டது. குடியுரிமையைத் துறந்தவர் அந்நியர் என்பதே காரணம். பிறந்த ஊர் அதே ரைன் மாகாணத்தில்தான் இருந்தது என்பதை எந்த அதிகாரியும் பொருட்படுத்தவில்லை.

அந்த மறுப்பின் பொருள் மறு ஆண்டுதான் விளங்கியது. 1849 பிப்ரவரியில் அடுத்தடுத்த இரு நாள்களில் இரு வழக்குகளில் கொலோன் நடுவர் குழு அவரை விடுவித்தது. குடிமகனாக இருப்பவரைத் தண்டிக்க வழக்கும் சாட்சியும் தீர்ப்பும் தேவை; அந்நியரை அகற்ற ஓர் ஆணை போதும். மே 16 அன்று அந்த ஆணை அவர் கைக்கு வந்தது. விருந்தோம்பலுக்குத் துரோகம் செய்த அந்நியர் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றத்தால் இயலாததைக் குடியிருப்புக் கோப்பு செய்து முடித்தது. பத்திரிகையின் கடைசி இதழ் மே 19-இல் முழுவதும் சிவப்பு மையில் வெளிவந்தது. கையிலிருந்ததையெல்லாம் விற்றுப் பத்திரிகையின் கடன்களை அடைத்தார். ஜென்னியின் வெள்ளிச் சாமான்கள் பிராங்க்பர்ட்டில் அடகுக்குப் போயின.

பாரீஸிலும் இடமில்லை. சதுப்பு நிலமும் காய்ச்சலும் நிறைந்த மோர்பிஹான் பகுதிக்குச் செல்லுமாறு பிரெஞ்சு அரசு பணித்தது. அதை ஏற்காமல் ஆகஸ்ட் இறுதியில் லண்டனை அடைந்தார். அரசியல் அகதி எவரையும் அன்றைய பிரிட்டன் வெளியேற்றவில்லை. சோஹோ பகுதியின் வாடகை அறைகளில் மூன்று குழந்தைகளைப் பறிகொடுத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியக வாசிப்பறையில் உழைத்து எழுதிய மூலதனத்தின் முதல் தொகுதி 1867-இல் வெளிவந்தது. உபரி மதிப்பு பற்றிப் பல ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். கொலோனில் மறுக்கப்பட்ட விண்ணப்பத்தைப் பற்றி மாணவர்களிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அந்த மறுப்பு இல்லையென்றால் அவருக்கு அந்த நூலகமே வாய்த்திருக்குமா என்பது ஐயமே.

1861-இல் புதிய மன்னர் வில்ஹெல்ம் பொது மன்னிப்பு அறிவித்தபோது, மீண்டும் பிரஷியக் குடியுரிமை கேட்டார். மறுப்பே பதில். 1874-இல் கல்லீரல் நோய்க்காக ஆஸ்திரிய ஆட்சிப் பகுதியிலிருந்த காரல்ஸ்பாட் வெந்நீரூற்றுகளுக்குச் செல்ல மருத்துவர்கள் கூறினர். வழியில் கைதாகாமலிருக்க பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பித்தார். தன் மன்னருக்கு விசுவாசமில்லாதவர் என்று லண்டன் போலீஸார் அறிக்கை கொடுக்க, அதுவும் நிராகரிக்கப்பட்டது. அந்த மன்னரின் அரசுதான் அவரைத் தன் குடிமகனாக ஏற்க மறுத்திருந்தது!

முடிவு தெரியுமுன்பே மகள் எலினாருடன் மார்க்ஸ் புறப்பட்டுவிட்டார். காரல்ஸ்பாட் பதிவேட்டில் சார்லஸ் மார்க்ஸ் என்றும், சொத்து வருமானத்தில் வாழும் கனவான் என்றும் எழுதிக்கொண்டார். அந்தத் தகுதிக்கு நகராட்சி இரு மடங்கு வரி விதித்தது. ஐயம் எழாமலிருக்க, மூலதனத்தின் ஆசிரியர் அதை மறுபேச்சின்றிச் செலுத்தினார்.