மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தராசில் அளந்தவர்: யார் இந்த ஆஞ்சலோ மோஸ்ஸோ?

டிமென்ஷியா வந்தால் மூளையின் சில பகுதிகளுக்கு ரத்தம் குறையும். அதை ஸ்கேன் இல்லாத காலத்திலேயே அளக்கப் பார்த்தவர் ஆஞ்சலோ மோஸ்ஸோ. 1846-ல் இத்தாலியின் டுரினில் தச்சரின் மகனாகப் பிறந்தவர்.

மண்டையோட்டில் காயத்தால் துளை விழுந்தவர்களிடம் மூளையின் துடிப்பைப் பதிவு செய்தார். யோசிக்கும்போது அது கூடியது. சரி, மண்டையோடு முழுசா இருக்கிறவங்களுக்கு? 1880-களில் மரக் கட்டிலையே தராசாக்கினார். படுத்திருப்பவர் மூளைக்கு வேலை கொடுத்தால் தலைப்பக்கம் சாயும், ரத்தம் அங்கே பாய்வதால்தான் என்றார். ஆனா மூச்சுவிட்டாலே ஆடுற தராசு அது! எந்தப் பகுதிக்கு எவ்வளவு ரத்தம்னும் சொல்லாது.

1910-ல் மோஸ்ஸோ இறந்தார். பகுதிவாரிக் கணக்கை பின்னாளில் பெட் ஸ்கேன் தந்தது. ஆனால் கதிரியக்க மருந்து ஏற்றணும். ஏஎஸ்எல் எனும் எம்ஆர்ஐ முறைக்கு ஊசியே வேண்டாம், ரத்தத்திலுள்ள நீரையே காந்தத்தால் அடையாளமிடும். என்ன, சிக்னல் ரொம்ப பலவீனம். தலை அசைந்தால் படம் கெடும். டிமென்ஷியா நோயாளியை அசையாமல் படுக்கவைப்பது லேசான காரியமா?