தோர்ணக்கல் அத்தியட்சர் வேதநாயகம் சாமுவேல் அசரியா

ஒரு கூட்டத்தாரைத் திரட்டுதல் எளிது. திரண்டவர் கலையாமற் காத்தலே அரிது. சங்கமாயினும் சபையாயினும், தொடங்கிய நாளில் இருந்த ஊக்கம் சில ஆண்டுகளிற் குன்றி, முழுப் பாரமும் தலைவர் ஒருவரின் தோள்மேல் ஏறிவிடுவதும், அவர் மறைந்த மறுநாளே அமைப்புக் கலைந்துபோவதும் எங்கும் காணப்படுவன. இக்குறை நேராதவாறு சபைகளைக் கட்டிய ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருக்கமாக வரையப் புகுகின்றோம். அவர் தமிழர், ஆயினும் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைத் தெலுங்கு வழங்கும் நாட்டிற் கழித்து, அங்கேயே உயிர் நீத்தவர். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையிற் கலந்து கேட்கும் நம் தருமபுரிச் சீமையார்க்கு அவர் வரலாறு அந்நியமாகத் தோன்றாது.

திருநெல்வேலிச் சீமையில், வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் தேதி அசரியா பிறந்தார். தந்தையார் தாமஸ் வேதநாயகம், வாணிகஞ் செய்யும் நாடார் குலத்தில் தோன்றிக் கிறிஸ்தவராகிப் பின் குருப்பட்டம் பெற்றவர். ஆண்மகவு வேண்டி நெடுநாள் பிரார்த்தித்துப் பெற்ற பிள்ளையாதலின், அன்னையார் எல்லன் அம்மையார் வேதாகமத்துச் சாமுவேலின் பெயரையே அவருக்கு இட்டனர். இளம் பருவத்திலேயே தந்தையை இழந்த அவர், மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் கற்று, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். எனினும் பி.ஏ. பட்டம் பெற்றாரில்லை. பட்டமே கல்வியென எண்ணும் பெற்றோர் இதனைச் சற்றே நினைவில் வைப்பாராக.

1895-இல் வாலிபர் கிறிஸ்தவ சங்கத்தின் காரியதரிசியாகித் தென்னாடு முழுதும் சுற்றினார். 1898-இல் அவர் மணந்த அன்பு மாரியம்மாள், தென்னாட்டுக் கிறிஸ்தவப் பெண்டிருட் கல்லூரிக் கல்வி கற்ற முதற்சிலருள் ஒருவர். இவ்வம்மையாரின்றி அசரியாவின் பணி பாதியாகவே நின்றிருக்கும் என்பது எம் துணிபு. அதன் காரணம் பின்னர் விளங்கும்.

1902-இல் யாழ்ப்பாணஞ் சென்றபோது அவர் உள்ளத்தைத் தைத்த செய்தி ஒன்றுண்டு. அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர், எண்ணிக்கையிற் சிலராயிருந்தும், தம் கைப்பொருளைக் கொண்டே கடல் கடந்து தென்னிந்தியக் கரையில் ஊழியம் நடத்திவந்தனர். திருநெல்வேலியிலோ பல்லாயிரவர் இருந்தும், எல்லாம் வெள்ளையர் பணத்தாலும் வெள்ளையர் ஆணையாலும் நடந்தன. அந்நாணத்தினின்று பிறந்ததே 1903 பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் நிறுவப்பட்ட இந்திய மிஷனரிச் சங்கம். இந்தியரே ஊழியர், இந்தியர் தருவதே பொருள், இந்தியரே நிருவாகிகள் என்பன அச்சங்கத்தின் மூன்று நிலைகள். 1905-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் தேதி வங்காளத்துச் சீராம்பூரில் இந்தியா முழுமைக்குமான தேசிய மிஷனரிச் சங்கமும் தோன்றியது. அதனை நிறுவியவருள்ளும் அசரியா முன்னின்றார்.

பிறரை அனுப்பிவிட்டுத் தாம் பட்டணத்தில் இருத்தல் தகாதென்று அவருக்குப் பட்டது. 1909-இல் உத்தியோகத்தைத் துறந்து குருப்பட்டம் பெற்று, ஐதராபாத் நைஜாம் சமஸ்தானத்தைச் சேர்ந்த தோர்ணக்கல்லுக்குக் குடும்பத்தோடு பெயர்ந்தார். அவ்வூர் அக்காலத்தில் ஒரு ரயில்வே சந்திப்பேயன்றி வேறு சிறப்புடையதன்று. முப்பத்தைந்து வயதில், பிள்ளைகளைப் பெற்ற ஒருவர், தெலுங்கு அரிச்சுவடியை முதலெழுத்திலிருந்து கற்கத் தொடங்கினார்!

மறு ஆண்டில் எடின்பரோ நகரில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கு அவர் பேசியது பலருக்குக் கசந்தது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்காக மேனாட்டார் செய்துள்ள தியாகங்களை அவர் மறுத்தாரில்லை, நன்றியோடே எடுத்துரைத்தார். ஆனால் எசமானரும் ஊழியரும் என்னும் முறையே எங்கும் நிலவுகிறதென்றும், நட்பே தம் மக்களுக்கு வேண்டுவதென்றும் முடிவிற் கேட்டார். அந்நாளில் ஆங்கிலேயர் நிறைந்த அவையில் அவ்வாறு கேட்பதற்கு எத்துணை நெஞ்சுரம் வேண்டும்!

1912 டிசம்பர் 29-ஆம் தேதி கல்கத்தாத் தூய பவுல் ஆலயத்தில் அவர் தோர்ணக்கல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் அப்பதவி எய்தியது அதுவே முதன்முறை. இந்தியரின் கீழ் ஆங்கிலக் குருமார் பணிபுரிவதா என்று எதிர்த்த மிஷனரிமார் பலர்.

இனி, அவர் சபைகளைக் கட்டிய முறையைச் சற்று விரித்துரைப்போம். நம் அன்பர்கள் ஊன்றிக் காணவேண்டிய பகுதி இதுவே. அவரிடம் வந்தவர் பெரும்பாலும் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். எழுத்தறியார், நிலமிலார், பண்ணையாரின் கடனிற் பிறந்து கடனில் மடிபவர். ஒருவர் இருவராகவன்றி ஊர்ச்சேரி முழுதுமாகவே அவர்கள் வந்தனர். ஞானஸ்நானங் கொடுத்துக் கணக்கில் எழுதிவிட்டு அப்பால் ஏகுதல் எளிது. அசரியாவோ, ஊருக்கோர் உபதேசியார் இன்றிச் சபை நில்லாது என்று கண்டார். அவ்வுபதேசியார் பகலிற் பிள்ளைகளுக்கும், வேலை முடிந்து வரும் பெரியோர்க்கு இரவிலும் பாடஞ் சொல்ல வேண்டும், பிணியாளரைக் காணவேண்டும், வழக்குத் தீர்க்க வேண்டும்.

இவர்களைப் பயிற்றத் தோர்ணக்கல்லிற் பாடசாலை அமைத்தார். மாணவரை மனைவி மக்களோடு அழைத்துக் குடியிருத்தினார். கணவர் வேதமும் போதனையும் கற்க, மனைவியர் எழுத்தும் குழந்தை வளர்ப்பும் சுகாதாரமும் கற்றனர். இம்மகளிர் கல்வியில் உழைத்தவர் அன்பு அம்மையார். வீட்டுப் பெண் கல்லாதிருக்க, ஆடவன் ஒருவன் மட்டும் ஊரைத் திருத்துவதென்பது கனவேயென அவ்விருவரும் அறிந்திருந்தனர். பள்ளி நடத்தும் எமக்கு அவர் செய்கைகளுள் இதுவே மிகப் பெரிதாகத் தோன்றுகிறது.

பொருள் விஷயத்தில் அவர் இரக்கம் பாராட்டினாரில்லை. ஏழைகளிடம் கேட்கலாமா என்று தயங்கினோரை அவர் ஏற்கவில்லை. கொடாதவன் என்றும் இரவலனாகவே இருப்பான் என்பது அவர் கொள்கை. பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைத்து, அதனை ஆலயத்திற் படைத்தனர். காசில்லாதார் கோழியும் முட்டையும் தானியமும் கொணர்ந்தனர். கிறிஸ்தவரின் ஈகையைப் பற்றி அவர் தனி நூலே இயற்றினார். திடப்படுத்தல் பெற வருவோரைத் தம் தலைமேற் கைவைத்து, தாம் பெற்ற ஞானஸ்நானத்தையும், சுவிசேஷத்தைப் பிறர்க்குரைக்கும் கடமையையும் வாய்விட்டு அறிக்கையிடச் செய்வது அவர் வழக்கம். சபையிற் கேட்போர், சொல்வோர் என இருவகையினர் இலர். அனைவரும் சொல்வோரே என்பது இதன் பொருள். கள்ளும் சாராயமும் அறவே விலக்கப்பட்டன. மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் ஊரூராகச் சென்று இவற்றையெல்லாம் அவர் நேரிற் கண்டுவந்தார்.

ஜாதி வேற்றுமை சபைக்குள்ளும் புகுந்தது. மாலரும் மாதிகரும் தம்முள் உடனுண்ணார். ஒரே பாத்திரத்தில் நற்கருணை பெறுவோர் ஒருவரையொருவர் தீண்டாதிருத்தல் ஆகாதென்று அத்தியட்சர் பல்லாண்டு போராடினார். முற்றும் வென்றாரென்று சொல்லவியலாது. பின்னர் அரசியற் சீர்திருத்தங்கள் வந்தகாலை, கிறிஸ்தவருக்குத் தனித்தொகுதி வேண்டுமென்று பலர் விரும்ப, அவர் அதனை எதிர்த்தார். சலுகைக்காக நிற்கும் சபை, நாட்டின் ஜாதிகளோடு மற்றுமொரு ஜாதியாகிவிடும் என்று அஞ்சினார். ஜாதிச் சங்கத்துப் பத்திரிகையில் இதனை எழுதுதல் பொருந்துமோ என்று சிலர் வினவலாம். நம்மைப் போன்ற சங்கத்தார்க்கே இது பொருந்துமென்போம் யாம். திரண்டு நிற்பது கல்விக்கும் ஒழுக்கத்துக்குமா, பங்கு கேட்பதற்கு மட்டுமா என்பது நாமும் விடையிறுக்க வேண்டிய வினா.

காந்தியடிகள் கூட்டங் கூட்டமாக மதம் மாற்றுவதைக் கண்டித்தார். அசரியாவோ, தன் சமயத்தைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை ஏழைக்கும் உண்டென்று நின்றார். இருவரும் நாட்டை நேசித்தவரே. எனினும் இவ்விஷயத்தில் ஒத்துப்போனாரில்லை. அவ்வழக்கை நாம் தீர்க்கப் புகவேண்டுவதில்லை.

குறையொன்றும் கூறாது விடுதல் சரிதமாகாது. ஆங்கிலத் திருச்சபையின் முறைமைகளில் அவர் கொண்ட பற்று மிகுதி. ஒழுங்கில் மிகக் கண்டிப்பானவர். ஆயினும் தோர்ணக்கல்லில் அவர் எழுப்பிய ஆலயம் ஆங்கில நாட்டுக் கோயிலின் நகலன்று. குவிமாடங்களும் ஸ்தூபிகளும் இந்நாட்டுத் தூண்களும் கலந்த அவ்வாலயம், பல்லாண்டு சிறுகச் சிறுக வளர்ந்து, 1939 ஜனவரியிற் பிரதிஷ்டையாயிற்று.

அவர் பதவியேற்றபோது இந்தியக் குருமார் அறுவரே இருந்தனர். 1945 ஜனவரி முதல் தேதி அவர் தோர்ணக்கல்லிற் காலஞ்சென்றபோது அத்தொகை நூற்றுக்கு மேற்பட்டிருந்தது. சபையாரோ இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டிருந்தனர். இடையில் வேறு தெலுங்குப் பகுதிகளும் அவர் ஆளுகையிற் சேர்ந்தன என்பதும் கருதத்தக்கது.

அவர் காணாது போன காரியம் ஒன்றுண்டு. மிஷன்தோறும் பிரிந்து கிடந்த சபைகள் ஒன்றாதல் வேண்டுமென்று 1919-இல் தரங்கம்பாடியிற் கூடிய போதகர்களுக்கு அவர் முன்னின்று வழிகாட்டினார். அம்முயற்சி இருபத்தெட்டு ஆண்டு நடந்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னைத் தூய ஜார்ஜ் ஆலயத்தில் தென்னிந்தியத் திருச்சபையாக உருப்பெற்றது. தருமபுரி அந்நாளிற் சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. லண்டன் மிஷன் சேலம் ஜில்லாவில் வளர்த்த சபைகளும் அவ்வைக்கியத்தில் இணைந்தன.