சோழமண்டலம் கண்ட ஓவியர் கே. சி. எஸ். பணிக்கர்

சித்தன்னவாசல் குடைவரையை 9ஆம் நூற்றாண்டில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் புதுப்பித்தார் என்பதை அங்குள்ள கல்வெட்டு அறிவிக்கின்றது. அங்கே தாமரைத் தடாகத்தைத் தீட்டிய ஓவியரின் பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆயினும் அக்கைகளுக்குப் பணியளித்துப் புரந்தோர் இருந்தனர் என்பது தெளிவு. அத்தகைய புரவலர் மறைந்துவிட்ட காலத்தில் ஓவியன் எதனை நம்பி வாழ்வான்? இவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் கே. சி. எஸ். பணிக்கர்.

1911ஆம் ஆண்டு மே மாதம் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், மலபார்ப் பகுதியில் வளர்ந்தார். அங்குக் கண்ட நீர்வழிகளும் தென்னஞ்சோலைகளும் அவருடைய தொடக்கக் கால நீர்வண்ண ஓவியங்களில் நிறைந்திருந்தன. குடும்பப் பொறுப்பின் காரணமாகத் தந்தி இலாகாவில் பணியாற்றினார். எனினும் ஓவிய வேட்கை தணியவில்லை. 1936இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். கடற்கரையிலுள்ள உழைப்பாளர் சிலையை உருவாக்கிய தேவிபிரசாத் ராய் சௌத்ரியே அப்போது அப்பள்ளியின் தலைவர். கற்று முடித்த பணிக்கர் அங்கேயே ஆசிரியரானார். 1957இல் தம் குருவுக்குப் பின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார்.

தனி ஓவியன் ஒருவன் தனித்து நின்று உலகின் கவனத்தைப் பெறுதல் அரிது என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்தார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தை நிறுவித் தென்னாட்டு ஓவியர்களின் கண்காட்சிகளுக்கு வழி செய்தார். 1954இல் ஐரோப்பா சென்று இலண்டனிலும் பாரிசிலும் தம் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். மேலைநாட்டாரைப் பின்பற்றுவதனால் மட்டும் நம் மண்ணின் ஓவியம் பிறவாது என்னும் தெளிவு அவருள் வலுப்பெற்றது. 1963 முதல் அவர் தீட்டிய சொற்களும் குறியீடுகளும் என்னும் வரிசை அத்தெளிவின் கனி. ஜாதகக் கட்டங்களையும் ஓலைச்சுவடி எழுத்துகளையும் நினைவூட்டும் அவ்வோவியங்கள் அவருக்கு நிலைத்த புகழைத் தந்தன.

ஆயினும் தம் புகழ் ஒன்றே அவருக்குப் போதுமானதாக இல்லை. ஆண்டுதோறும் திறன்மிக்க இளைஞர்கள் பள்ளியை விட்டு வெளியேறினர். ஓவியம் வாங்குவோர் சென்னையில் மிகச் சிலரே. வயிற்றுப்பாட்டுக்காக வேறு தொழில் தேடியவர்கள் தூரிகையை மெல்ல மறந்தனர். இந்த இழப்பைத் தடுக்க அவர் நன்கொடை தேடிச் செல்லவில்லை, கைத்தொழிலை நாடினார். மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து ஓவியர் கைவினைச் சங்கம் அமைத்தனர். மெழுகிட்டுச் சாயமேற்றும் பாட்டிக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களைச் செய்து விற்றனர். நாளின் ஒரு பகுதி கைவினைக்கு. எஞ்சிய பொழுது தத்தம் கலைக்கு. விற்பனை வருவாய் உணவுக்கு உதவியது. அதனால் ஓவியத்தைச் சந்தையின் விருப்பத்துக்கு வளைக்க வேண்டிய கட்டாயம் நீங்கியது.

அவ்வாறு ஈட்டிய பொருளைக் கொண்டு, சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையில் ஏறத்தாழ 10 ஏக்கர் நிலம் வாங்கினர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தோன்றியது. அன்று அது மணல்வெளி. ஏறத்தாழ முப்பது கலைஞர்கள் கூடிக் கீற்றுக் குடிசைகளில் வாழ்வைத் தொடங்கினர். சுல்தான் அலி, ஹரிதாசன், வாசுதேவ், சேனாதிபதி, பணிக்கரின் மகனும் சிற்பியுமான நந்தகோபால் முதலியோர் அங்கே தத்தம் வழியில் வளர்ந்தனர். குரு தம் பாணியை எவர்மீதும் சுமத்தவில்லை. பேச்சுத் தடையும் மனத்துயரும் கொண்டிருந்த கே. ராமானுஜத்தை அவர் பரிவுடன் காத்தார். கற்பனை நகரங்களை வரைந்த அவ்விளைஞர் 1973இல் அகால மரணமுற்றார். அன்பும் அரவணைப்பும் எல்லாத் துயரையும் தீர்த்துவிட முடியாது என்பதை அம்மரணம் உணர்த்தியது. அதனால் கிராமத்தின் பணி நின்றுவிடவில்லை.

1976இல் லலித் கலா அகாதமி பணிக்கரைச் சிறப்பு உறுப்பினராக்கிப் பெருமை செய்தது. 1977 ஜனவரியில் அவர் மறைந்தார். திருவனந்தபுரத்தில் அவர் பெயரால் ஓவியக்கூடம் அமைந்தது. சோழமண்டலத்தில் 2009இல் சென்னைக் கலை இயக்கத்துக்கென அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பிறர் தயவில் அல்லாது கலைஞர்களின் சொந்த நிலத்தில் வேரூன்றியமையால், நிறுவியவர் மறைந்த பின்னும் அக்கிராமம் நிலைத்தது.

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலும் அதன் அடிவாரத்து ஊர்களிலும் வரையும் கையும் செதுக்கும் கையும் கொண்ட பிள்ளைகள் பிறக்கின்றனர். அவர்களைப் பாராட்டி மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. வேலை செய்ய ஓர் இடமும், செய்ததை விற்க ஒரு வழியும், உடன் உழைக்கும் தோழமையும் அவர்களுக்கு வேண்டும். பணிக்கரின் வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் பாடம் இதுவே.