கப்பலோட்டிய வ.உ.சி.யும் நம் கடைகளும்



2020ஆம் ஆண்டு செப்டம்பரில், கொள்ளைநோய்க்கு நடுவே, இந்திய அரசு வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது. ஒரே இடத்துச் சரக்கை நம்பி ஃபேரர் பார்க்கில் கடை வைத்திருந்த நம்மில் பலர் கையைப் பிசைந்து நின்றோம். அப்போது நம் நினைவுக்கு வந்தவர் வ.உ. சிதம்பரம் பிள்ளை அவர்கள்.

அன்னார் 1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், வக்கீல். அந்நாளில் தூத்துக்குடி கொழும்புக் கப்பல் போக்குவரத்து பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியின் கைக்குள் இருந்தது. அவர்கள் வைத்ததே கூலி. இதை மாற்ற 1906 அக்டோபரில் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். பாண்டித்துரைத் தேவர் தலைவரானார். நம் சமுதாயத்து ஹாஜி முகம்மது பக்கீர் சேட் அவர்கள் 2 லட்சம் ரூபாய் கொடுத்து 8,000 பங்குகளை வாங்கினார்கள்.

முதலில் வாடகைக் கப்பல்தான் ஓடிற்று. எதிரிகளின் நெருக்கடியால் அக்கப்பலைக் கொடுத்தவர்கள் பின்வாங்கினர். பிள்ளையவர்கள் சோர்ந்துவிடவில்லை. கொழும்பு சென்று வேறு கப்பலை வாடகைக்குப் பிடித்தார். ஆயினும் இரவல் கப்பல் நிலைக்காது என்றுணர்ந்து பங்குப் பணம் திரட்டி, 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்களைச் சொந்தமாகவே வாங்கச் செய்தார். எதிரிகள் கட்டணத்தைக் குறைத்தார்கள். பின்பு இலவசமாக ஏற்றிக் குடையும் தருவதாகச் சொன்னார்கள். அப்படியும் சுதேசிக் கப்பல் ஓடிற்று.

1908 மார்ச் 12ஆம் நாள் அன்னார் கைதானார். சிறையில் செக்கிழுத்தார். தாங்கிப் பிடிக்கும் ஆளின்றிக் கம்பெனி தளர்ந்து, 1911இல் மூடப்பட்டது. கப்பல்களும் கைவிட்டுப் போயின. 1912 டிசம்பரில் விடுதலையாகி வந்தவர், வறுமையோடு போராடி, 1936 நவம்பர் 18ஆம் நாள் மறைந்தார்.

சகோதரர்களே! ஒரு வழி அடைபட்டால் மறுவழி தேடினார். அது நாம் கைக்கொள்ள வேண்டிய பாடம். அவர் சிறை புகுந்ததும் கம்பெனி சரிந்தது. அது நாம் அஞ்ச வேண்டிய பாடம். சரக்கு எங்கிருந்து வருகிறது, யாருக்கு எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் முதலாளி ஒருவர் தலைக்குள் மட்டும் இருந்தால், அவர் நோயில் படுத்த அன்றே கடையும் படுத்துவிடும். ஆகவே சரக்குக்கு இரண்டு ஊர்களை வைத்துக்கொள்வோம். கணக்கையும் தொடர்புகளையும் பிள்ளைகளுக்கும் நம்பிக்கையான பணியாட்களுக்கும் இன்றே காட்டிவைப்போம். முயற்சி நம்முடையது, பரக்கத் அல்லாஹ்விடமிருந்து வருவது. வஸ்ஸலாம்.