சிற்றுயிர் ஆய்ந்த மேரியன் அம்மையார்

மலையையும் கடலையும் கண்டு வியந்து நிற்போர் உலகில் பலர். இலையின் அடியில் ஒட்டிக்கிடக்கும் சிறு புழுவைக் குனிந்து நோக்குவோர் மிகச் சிலர். அச்சிலருள் ஒருவராய், தம் வீட்டுத் தோட்டத்தையே ஆராய்ச்சிக் கூடமாகக் கொண்டு, விட்டில்களின் வாழ்க்கையை உலகிற்கு விளக்கியவர் மரியா சிபில்லா மேரியன் அம்மையார்.

இவர் 1647 ஆம் ஆண்டு ஏப்பிரல் 2 ஆம் நாள் செருமனி நாட்டுப் பிராங்க்பர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் மத்தேயுஸ் மேரியன், செப்புத் தகட்டில் படம் செதுக்குவதிலும் நூல் வெளியிடுவதிலும் பெயர் பெற்றவர். மகளுக்கு மூன்று வயதானபோது அவர் மறைந்தார். பின்னர் அன்னையார் யாக்கோபு மாரெல் என்னும் மலரோவியரை மணந்தார். அவரிடம் சிறுமி தூரிகை பிடிக்கவும் வண்ணம் குழைக்கவும் கற்றாள். மலர்களை வரையுங்கால் அவற்றின்மீது ஊரும் புழுக்கள் அவள் உள்ளத்தைக் கவர்ந்தன.

பதின்மூன்றாம் வயதில் அவள் பட்டுப்புழுக்களை வளர்க்கத் தொடங்கினாள். முட்டையிலிருந்து புழு வெளிவருவதும், அது தழையுண்டு தோலுரித்து வளர்வதும், கூடு கட்டி அடங்குவதும், பின்னர்ச் சிறகுடைய விட்டிலாய்ப் புறப்படுவதும் அவளுக்குப் பெருவியப்பை அளித்தன. பட்டுப்புழுவிற்கு உள்ள இம்மாற்றம் தோட்டத்தில் காணும் பிற புழுக்களுக்கும் உண்டோ என்னும் வினா அவள் நெஞ்சில் எழுந்தது. அவ்வினாவே அவருடைய வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

அந்நாளில் பூச்சிகளைப் பற்றி மக்கள் கொண்டிருந்த கருத்து விந்தையானது. சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் அவை தாமே தோன்றுகின்றன என்று கற்றோருள்ளும் பலர் நம்பினர். இத்தாலி நாட்டுப் பிரான்செஸ்கோ ரெடி என்னும் அறிஞர், ஈ மொய்க்காமல் மூடிவைத்த இறைச்சியில் புழு தோன்றுவதில்லை என்று 1668 ஆம் ஆண்டில் காட்டினார். எனினும் பழைய நம்பிக்கை எளிதில் அகலவில்லை. அன்றியும், புழுவும் விட்டிலும் வடிவில் சிறிதும் ஒவ்வாதவை. ஆதலின் எந்தப் புழு எந்த விட்டிலாக மாறும் என்பதை உருவத்தைக் கண்டு கூற ஒருவராலும் இயலாது. வளர்த்துப் பார்த்தே அறிதல் வேண்டும்.

அம்மையார் யோகான் ஆந்திரியாஸ் கிராப் என்னும் ஓவியரை 1665 இல் மணந்து, 1670 இல் கணவரோடு நியூரம்பர்க் நகரில் குடியேறினார். அங்குக் கோட்டையை அடுத்த தோட்டம் ஒன்று அவர் வசம் இருந்தது. இல்லறக் கடமைகளோடு, நகரத்துப் பெண்களுக்கு ஓவியமும் பூத்தையலும் கற்பித்துப் பொருளும் ஈட்டினார். எஞ்சிய பொழுதில் தோட்டத்துச் செடிகளிலும் வேலியோரத்துக் காஞ்சொறியிலும் புழுக்களைத் தேடினார். அவற்றைச் சிறு பெட்டிகளில் இட்டு, எச்செடியில் கிடைத்தனவோ அச்செடியின் தழையையே நாள்தோறும் உணவாக அளித்தார். புழு எவ்வுணவை விரும்பிற்று, எந்நாளில் தோலுரித்தது, எந்நாளில் கூட்டுப்புழுவாயிற்று, எத்தனை நாள் கழித்து விட்டிலாய் வெளிவந்தது என்பனவற்றையெல்லாம் குறித்துவைத்தார். வண்ணம் மங்குமுன் கன்றின் தோலாற் செய்த மெல்லிய தாளில் அவற்றை வரைந்துகொண்டார்.

இம்முயற்சியில் ஏமாற்றங்களும் பல நேர்ந்தன. புழுக்கள் பல இடையிலேயே மடிந்தன. சிலபோது, விட்டிலை எதிர்நோக்கிக் காத்திருக்கக் கூட்டிலிருந்து சிறு ஈக்களைப் போன்றவை கூட்டமாய் வெளிவந்தன. இதன் காரணம் அக்காலத்தில் தெளிவாகவில்லை. சிறு குளவிகளும் சிலவகை ஈக்களும் புழுவினிடத்து முட்டையிட, அவற்றின் குஞ்சுகள் அப்புழுவையே உண்டு வளர்கின்றன என்பது இன்று நாம் அறிந்த உண்மை. அம்மையார் தாம் எதிர்பார்த்தது நிகழவில்லையே என்று அக்காட்சியை மறைத்தாரல்லர். கண்டதைக் கண்டவாறே எழுதினார், வரைந்தார். ஆராய்ச்சியாளர்க்கு இன்றியமையாத நேர்மை இதுவேயாகும்.

அவருடைய புழு நூலின் முதற்பகுதி 1679 இலும் இரண்டாம் பகுதி 1683 இலும் வெளிவந்தன. ஒவ்வொன்றிலும் ஐம்பது படங்கள் இருந்தன. ஒரே படத்தில் செடியும், அதனை உண்ணும் புழுவும், கூட்டுப்புழுவும், விட்டிலும் ஒருங்கே விளங்கின. உயிரையும் அதன் உணவையும் பிரிக்காது காட்டிய இம்முறை அந்நாளில் புதுமையானது. அறிஞர்க்குரிய இலத்தீனில் எழுதாமல், மக்கள் பேசிய செருமன் மொழியிலேயே அந்நூலை எழுதினார்.

பின்னர் அவர் கணவரைப் பிரிந்து, மகளிர் இருவருடன் ஆலந்து நாட்டிற்குச் சென்று, 1691 இல் ஆம்ஸ்டர்டாம் நகரை அடைந்தார். வெப்ப நாடுகளிலிருந்து கொணர்ந்த பூச்சிகளைச் செல்வர்கள் அங்குப் பேழைகளில் அடுக்கிவைத்திருந்தனர். அவை எப்புழுவிலிருந்து வந்தன, எதனை உண்டன என்று கூறுவார் இலர். அதனைத் தாமே அறிய விரும்பிய அம்மையார், தம் ஓவியங்களை விற்றுப் பொருள் திரட்டி, 1699 இல் இளைய மகள் தொரத்தேயாவுடன் தென்னமெரிக்காவிலுள்ள சூரினாமிற்குக் கப்பலேறினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. அங்கு அடிமைப்பட்டிருந்த மக்கள் செடிகளின் பயன்களை அவருக்கு உணர்த்தினர். அவர்கள் பட்ட துயரத்தையும் அவர் தம் நூலில் பதிவுசெய்தார். நோய் வருத்தியதால் 1701 இல் திரும்பி, அறுபது படங்கள் கொண்ட பெருநூலை 1705 இல் வெளியிட்டார்.

அம்மையார் 1717 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள் இயற்கை எய்தினார். புழு நூலின் மூன்றாம் பகுதியைத் தொரத்தேயா அவ்வாண்டிலேயே வெளியிட்டார். உருசியப் பேரரசர் மகா பீட்டருக்காக வாங்கப்பெற்ற ஓவியங்களோடு அவருடைய குறிப்பேடும் பீட்டர்சுபர்க் நகரை அடைந்தது. அது 1976 இல் அச்சேறியது. உயிர்களுக்குப் பெயரிட்ட லின்னேயஸ் என்னும் பேரறிஞர் இவருடைய படங்களைச் சான்றாகக் கொண்டார். பிற்காலத்தார் விட்டில் இனம் ஒன்றிற்கு இவர் பெயரைச் சூட்டினர். யூரோ நாணயம் வருமுன் செருமனியில் வழங்கிய 500 மார்க்குத் தாளிலும் இவர் உருவம் பொறிக்கப்பெற்றிருந்தது.

பல்கலைக்கழகத்தில் பயிலும் வாய்ப்பு இவ்வம்மையாருக்குக் கிட்டவில்லை. அவரிடம் இருந்தவை சில பெட்டிகளும், ஒரு தூரிகையும், ஒரு குறிப்பேடுமே. அவற்றைக் கொண்டு, தோட்டத்து இலையில் ஊர்ந்த புழுவினிடத்து அவர் கண்ட உண்மை நூற்றாண்டுகள் கடந்தும் நிலைத்து நிற்கின்றது. நம் வீட்டு விளக்கை நாடிவரும் நகக்கண்ணளவு விட்டிலுக்கும் ஒரு வரலாறு உண்டு. பொறுமையோடு நோக்கி, கண்டதை நாளிட்டுப் பொய்யின்றி எழுதுவோர்க்கு அது புலப்படும்.