மெட்டு யாருடையது? முத்துசுவாமி தீட்சிதர் வாழ்வு



இந்தப் பரிசளிப்பு விழாவுக்குப் புத்தகம் வாங்க, சிங்கப்பூர் தேக்காவுக்கு நம்ம பள்ளி மாணவி ஒருத்தியையும் அவள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன். சிராங்கூன் சாலையில், வீரமாகாளியம்மன் கோயில் பக்கம், ஒரு கடைக்கு முன்னால் நின்று அந்தப் பிள்ளை விழாவில் பாடப்போகும் பாட்டை மெல்லப் பாடிப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற ஒருவர், இது இங்கிலீஷ் பாட்டு மெட்டாச்சே, காப்பி அடிச்சதுதானே என்று சிரித்தார். பிள்ளையின் முகம் வாடிப்போனது. இனிப் பாடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அவளுக்காகவும் உங்களுக்காகவும்தான் இந்தக் கட்டுரை.

அந்தப் பாட்டு ‘சியாமளே மீனாட்சி’. எழுதியவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் யார் தெரியுமா?

1775ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். தந்தை இராமசுவாமி தீட்சிதர், அம்சத்வனி இராகத்தைத் தந்த மேதை. தியாகராசரும் சியாமா சாத்திரியும் பிறந்த ஊரும் திருவாரூர்தான். மூவரையும் இன்று நாம் இசை மும்மூர்த்திகள் என்கிறோம்.

பிறகு குடும்பம் சென்னைக்கு வடக்கே உள்ள மணலிக்குக் குடிபோனது. அங்கே முதலியார் குடும்பத்தார் ஆதரித்தார்கள். பக்கத்தில் ஜார்ஜ் கோட்டை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பேண்டு வாத்தியம் அங்கே முழங்கும். அண்ணன் தம்பிகள் அதைக் கேட்டார்கள். தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரரிடமே வயலின் கற்று, அதை நம்ம கருநாடக இசைக்குக் கொண்டு வந்தார். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி உண்டா, சொல்லுங்கள்!

முத்துசுவாமியோ சிதம்பரநாத யோகியுடன் காசிக்குப் போய், வடநாட்டு இசையைக் கற்றுத் திரும்பினார். திருத்தணியில் முருகனே முதியவராக வந்து வாயில் கற்கண்டு போட, முதல் பாட்டு பிறந்தது என்று மரபாகச் சொல்வார்கள். அதனால்தான் குருகுக என்பது அவர் பாடல்களில் முத்திரையாக வருகிறது.

கோட்டைப் பேண்டின் மெட்டுகளை அவர் மறக்கவில்லை. அவற்றுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வப் பாட்டு எழுதினார். இவற்றை நோட்டுச்சுரம் என்பார்கள். ஏறக்குறைய நாற்பது உண்டு. நம்ம தாத்தாமார் வெள்ளைக்காரன் காலத்தில் எழுந்து நின்று கேட்ட இராஜ வாழ்த்து மெட்டிலும் ஒன்று இருக்கிறது.

அப்போ இது திருட்டா? பொறுங்கள். அந்த இராஜ வாழ்த்து 1745இல் லண்டனில் மேடையேறியது. மெட்டமைத்தவர் யாரென்று இங்கிலாந்துக்காரருக்கே உறுதியாகத் தெரியாது. ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ மெட்டும் இங்கிலீஷ் மெட்டு இல்லை. 1761இல் பிரான்சில் அச்சானது. மொசார்ட் அமைத்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அவர் அதைப் பலவிதமாக மாற்றி வாசிக்க எழுதினாரே தவிர, மெட்டு அவருடையது அல்ல. ஆங்கிலச் சொற்கள் வந்ததே 1806இல்தான்.

பெயர் எழுதி வைக்காவிட்டால் எவருக்கும் இந்தக் கதிதான். அமெரிக்காவில் ஸ்காட் ஜாப்ளின் என்ற கறுப்பின இசைமேதை 1917இல் மறைந்தார். துளை போட்ட காகிதச் சுருளை மாட்டினால் பியானோ தானே வாசிக்கும் காலம் அது. ‘சில்வர் ஸ்வான்’ என்ற மெட்டு அவர் காலத்தில் அச்சாகவில்லை, சுருளில் மட்டும் மிஞ்சியது. அது அவருடையதுதானா என்று பின்னால் ஆராய வேண்டி வந்தது.

தீட்சிதர் 1835 தீபாவளியன்று எட்டயபுரத்தில் மறைந்தார். பின்னாளில் பாரதியார் பிறந்த அதே ஊர். அவர் பாட்டுகள் அவரோடு போகவில்லை. சீடர்கள் பாடினார்கள். பாலுசுவாமியின் பேரர் சுப்பராம தீட்சிதர் 1904இல் எட்டயபுரத்திலேயே பெரிய நூலாக, சுரக் குறிப்போடு, 200க்கு மேற்பட்ட பாட்டுகளை அச்சிட்டார். எழுதி வைத்ததால் பெயர் நின்றது.

இப்போ நம்ம கதைக்கு வருவோம். பால்மரக்காட்டில் பாடிய பாட்டு, லயத்தில் பாடிய தாலாட்டு, ஒப்பாரி, இதெல்லாம் யாருடையது? பாடிய பாட்டிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு நோட்டில் பாட்டியின் பாட்டை எழுதுங்கள். மேலே பாட்டியின் பெயரையும், யாரிடம் கற்றார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அந்த மாணவி இன்று மேடையில் பாடுகிறாள். பாடுமுன் மெட்டு பிரான்சிலிருந்து வந்தது, சொல் தீட்சிதருடையது என்று அவளே சொல்வாள். மெட்டு எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் பாடினால் அதில் வெட்கம் எதற்கு? கைதட்டி ஊக்கம் கொடுங்கள்.